முடிச்சு எந்தப் பக்கம்

எனக்கு வயது எழுபத்தொன்று. பெண் மூன்று, பையன் ஒன்று, ஆக நான்கு பேரை வளர்த்து ஆளாக்கினேன். வீட்டுக்காரர் சூளையில் வேலை பார்த்தவர். கடைசிப் பிள்ளையான பையன் பத்தாவது படிக்கும்போதே அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு எல்லாம் இந்த இரண்டு கைதான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. படிப்புதான் இல்லை. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் மகனின் மகள் எழுதுகிறாள். காலேஜில் படிக்கிற பெண், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நான் சொல்லப்போவது அவளுடைய அம்மாவைப் பெற்ற தாயைப் பற்றி, அதாவது என் சம்பந்தியம்மாவைப் பற்றி. பேத்தி அவர்களை 'மங்கலம்பேட்டை ஆயா' என்று ஊர்ப் பெயர் சேர்த்து அழகாகக் கூப்பிடுவாள். நான் வெறும் ஆயா.

சம்பந்தியம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் முகம் வருவதில்லை. சாலிடர் வைக்கும் இரும்பைப் பிடித்திருந்த வலது கைதான் வருகிறது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஈயம் உருகிப் புகை எழும்பும்போது கண்ணைக்கூடச் சுருக்காமல் குனிந்திருப்பார்கள். ஒரு சொட்டுதான் வைப்பார்கள். வைத்துவிட்டு ஊதுவார்கள். அந்தச் சொட்டு ஆறிப் பளபளவென்று மூக்குத்திக் கல் போல நிற்கும். அதை என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். அவன் பார்த்த பார்வையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் கையும் சாதாரணக் கை இல்லை. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பாதி ஆயுசைக் கழித்தவள் நான். ஃப்யூஸ் கட்டை, கனெக்டர், கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் என்று எங்கள் பட்டறையில் கரண்டுச் சாமான்தான் அதிகம். சூளையிலிருந்து இறங்கிய சரக்கைத் தரம் பிரிப்பது என் வேலை. இரண்டை எடுத்து ஒன்றோடு ஒன்றைத் தட்டினால் நல்ல சாமான் மணி மாதிரிப் பேசும். விரிசல் விட்டது சளி பிடித்தவன் மாதிரிப் பேசும். கண்ணுக்குத் தெரியாத விரிசலை என் விரல் சொல்லிவிடும். இரண்டாந்தரச் சரக்கைச் சாக்கில் கட்டும்போது கயிற்றின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுவிடுவோம். லாரியில் ஏற்றுகிற ஆள் சாக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டாம், நுனியைத் தடவினால் போதும். முடிச்சு இருந்தால் மட்டச் சரக்கு. என் கை அப்படித்தான் பழகியது.

மகன் ஐ.டி.ஐ. படித்துவிட்டு சவுண்டு சர்வீஸ் ஆரம்பித்தான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் ஸ்பீக்கர் கட்டுவான். ஒரு ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிஃபயரிலிருந்து இரண்டு கம்பி போக வேண்டும், ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். அந்தக் காலத்தில் அவன் மலிவாக வாங்கி வந்த கம்பி இரண்டும் ஒரே நிறமாக இருக்கும். பந்தலுக்குப் பின்னால் வெளிச்சம் இல்லாத இடத்தில் எது எது என்று எப்படித் தெரியும்? நான்தான் சொன்னேன், "முடிச்சு போட்டுத் தர்றேன்டா, தடவிப் பாத்துக்க" என்று. கம்பியை அளந்து வெட்டி, இரண்டையும் முறுக்கி, ஒரு கம்பியின் இரண்டு நுனியிலும் முடிச்சுப் போட்டுக் கூடையில் அடுக்கி வைப்பேன். முடிச்சுப் போட்ட கம்பி மைனஸ். மட்டச் சரக்குக்குத்தானே முடிச்சு? அவனும் அப்படியே பழகினான். பட்டறை வேலையை விட்ட பிறகு எனக்கு இதுதான் வேலை. கூட்டத்தில் எங்கேயாவது அவன் பெட்டி முழங்கினால், உள்ளே ஓடுவது நான் முறுக்கிய கம்பி என்று நினைத்துக்கொள்வேன். அவன் தொழிலில் எனக்கு என்று இருந்த இடம் அது ஒன்றுதான். அந்த இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மங்கலம்பேட்டையில் பெண் எடுத்தோம். பெண்ணின் அப்பா உயிரோடு இல்லை. அவரும் சம்பந்தியம்மாவும் சேர்ந்து மைக் செட் கடை வைத்திருந்தவர்கள். அந்த ஊரில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருப்பதால் விதவிதமான டேப்பும் ஆம்ப்ளிஃபயரும் ரிப்பேருக்கு வருமாம். புருஷன் மைக் கட்டப் போய்விட்டால் கடையில் உட்கார்ந்து அத்தனையையும் பிரித்துப் போட்டு மூடியவர்கள் சம்பந்தியம்மா. அடக்கமான மனுஷி என்று சொல்ல மாட்டேன். "புளியமரத்துல ஏறி நானே கொழா ஹாரன் கட்டிருக்கேன் சம்பந்தி, கீழ நின்ன ஆம்பளைங்க எல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு நின்னானுங்க" என்று நிச்சயதார்த்தத்தன்றே எங்கள் சொந்தக்காரர் நடுவில் சொல்லிச் சிரித்தார்கள். பெண்ணுக்குச் சீராகப் பாத்திரம் பண்டத்தோடு கடையிலிருந்த ஆம்ப்ளிஃபயர், ஹாரன், கம்பி எல்லாம் வண்டியில் வந்தன. ஊரே பித்தளை அண்டாவைப் பார்த்தது. என் பையன் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தான். நான் என் பையனைப் பார்த்தேன்.

அதன் பிறகு அவன் பேச்சில் 'அத்தை' இல்லாத நாள் கிடையாது. ஒரு பெட்டி இரைந்தால் அத்தைக்குப் போன். ஃப்யூஸ் போனால் அத்தைக்குப் போன். நான் பக்கத்தில் கம்பி முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் பொறுக்காமல், "ஏன்டா, பெட்டி இரையிறது இந்த ஊரு காதுக்கு வுழாதா, மங்கலம்பேட்டைக்கித்தான் வுழுமா?" என்று கேட்டேன். "ஒனக்கு இதெல்லாம் தெரியாதும்மா" என்றான். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் அது இன்றைக்கும் காதில் நிற்கிறது.

பேத்தி கைக்குழந்தையாக இருந்தபோதுதான் அந்தப் புது ஸ்பீக்கர் வந்தது. பெரிய தாம்பாளம் அகலம். சேத்தியாத்தோப்பில் மறுநாள் ஒரு ரிசப்ஷன். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நெஞ்சு அதிர்கிற மாதிரி சத்தம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதற்காகவே வரவழைத்தான். மத்தியானம் வாசலில் போட்டுப் பிரித்தபோது, அதில் நான்கு கம்பி முனைகள் இருப்பதைப் பார்த்து என்னடா இது என்றேன்.

"இது டபுள் காயிலும்மா. ஸ்பீக்கரு ஒண்ணுதான், உள்ள சுருளு ரெண்டு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிளஸ்ஸு, ஒரு மைனஸ்ஸு."

"ஒரே வூட்ல ரெண்டு அடுப்பா? வெளங்குனாப்லதான்."

"ரெண்டையும் ஒரே கொழம்புக்குக் கொதிக்க வைக்கிறதுலதான் சம்பந்தி வேலையே இருக்குது" என்று தெருவிலிருந்து குரல் வந்தது. ஒரு பையில் முறுக்கும் மறு பையில் சாலிடர் இரும்புமாக சம்பந்தியம்மா வந்துகொண்டிருந்தார்கள். அவன் போன் பண்ணி வரச்சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை.

அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதை நான் கேட்டுப் புரிந்துகொண்டது இதுதான். இரண்டு சுருளையும் பக்கம் பக்கமாகச் சேர்த்துக் கட்டினால் ஆம்ப்ளிஃபயர் தாங்காது. சின்ன மோட்டாரை வைத்துக்கொண்டு இரண்டு குழாயையும் முழுக்கத் திறந்துவிட்டது போலத் திணறி அணைந்துவிடும். அதனால் ஒன்றின் பின்னால் ஒன்றாக, வரிசையில் கட்ட வேண்டும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து முதல் சுருளுக்குள் போய், அதன் வாலிலிருந்து அடுத்த சுருளுக்குள் போய், அங்கிருந்து திரும்பி வர வேண்டும். "பக்கத்துல கட்டினா கரண்டத் தடுக்குற ஓம்ஸ் எறங்கிடும், வரிசையில கட்டினா ஏறிடும், நம்ம செட்டுக்கு அதான் சரி" என்றான் மகன். சம்பந்தியம்மா தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். என்னை யாரும் பார்க்கவில்லை.

என் கூடையிலிருந்து இரண்டு கம்பி எடுத்தார்கள். ஒரு சுருளுக்கு மகன் சாலிடர் வைத்தான். அடுத்ததற்குப் போகும்போது, "தள்ளுங்க மாப்ள, இத நான் வைக்கிறேன், கை துருதுருங்குது" என்று அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நான் சொன்னேனே, அந்தச் சொட்டு, அந்த ஊதல், அவன் பார்த்த பார்வை, எல்லாம் அன்றைக்குத்தான். பிறகு ஸ்பீக்கரைப் பெட்டிக்குள் வைத்துத் திருகு போட்டு மூடி, கம்பிகளை வெளியே எடுத்து, எங்கள் ஊர்ப் பீங்கான் கனெக்டரில் வரிசையாக இணைத்தான். பாட்டுப் போட்டான்.

சின்னப் பெட்டிகள் பாடின. பெரிசு முனகியது. வாயில் துணியை அடைத்தவன் போல ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் நின்றது. ஒலியைக் கூட்டினாலும் முனகல் கூடவில்லை. மகனுக்கு வேர்த்துவிட்டது. "டூப்ளிகேட்டத் தலையில கட்டிட்டான்" என்று கடைக்காரனைத் திட்டினான். நாளைக்கு சேத்தியாத்தோப்பில் போய் எந்த முகத்தோடு நிற்பது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தான். எனக்கு ஒரு பக்கம் பிள்ளை முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இன்னொரு பக்கம், அத்தை கை வைத்ததும் ஊமையாகிவிட்டதே என்று ஒரு குளிர்ச்சி.

சம்பந்தியம்மா அசரவில்லை. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிச் சின்ன பேட்டரியை எடுத்தார்கள். "சம்பந்தி, நீங்க இப்பிடி வந்து தாள் மேல உள்ளங்கைய வைங்க. பீங்கான் தட்டிப் பழகுன கை உங்க கை. மயிரிழை அசைஞ்சாலும் சொல்லிப்புடும்" என்றார்கள். பெட்டியின் முன்பக்கம் தெரிந்த ஸ்பீக்கரின் நடுத் தாளைச் சொன்னார்கள். புகழ்ந்து கூப்பிடும்போது எப்படி மாட்டேன் என்பது? கை வைத்தேன். கனெக்டரிலிருந்து கம்பிகளைப் பிரித்து, மகன் முதல் சுருளில் பேட்டரியைத் தொட்டான். தாள் என் கையை எட்டி உதைத்தது, வயிற்றுப் பிள்ளை உதைக்கிற மாதிரி. இரண்டாவது சுருளில் தொட்டான். தாள் என் கையை விட்டு உள்ளே போனது.

"இன்னொரு வாட்டி தொடு" என்றேன். தொட்டான். "மொதச் சுருளு ஒதைக்குது, ரெண்டாவது உள்ளார இழுக்குது. ஒண்ணு போற எடத்துக்கு ஒண்ணு போவுல. ரெண்டும் சண்டை போட்டுக்கிட்டுக் கெடக்குது."

சம்பந்தியம்மா நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மகனைப் பார்த்தார்கள். "நீங்க முடிச்ச எதுல வச்சீங்க மாப்ள?"

"மைனஸ்லதான் அத்தே."

"மைனஸ்லயா! நான் பிளஸ்ல வச்சேனே!" மடேரென்று தொடையில் தட்டிக்கொண்டார்கள். "அய்ய, முடிச்சு மங்கலம்ங்க சம்பந்தி. தாலிக்கு முடிச்சு போடுறோம். அதப்போயி யாராச்சும் மைனஸுக்குப் போடுவாங்களா?"

"பொணத்தோட காலு கட்டவெரலுக்கும் முடிச்சுதான் சம்பந்தி போடுறோம்" என்றேன்.

அடுப்படியில் மருமகள் களுக்கென்று சிரித்தாள். எல்லாரையும் விடப் பெரிசாகச் சிரித்தது சம்பந்தியம்மாதான். "இந்த வாய்க்கு ஆம்ப்ளிஃபயரே வேணாங்க" என்றார்கள். உலகத்தில் எல்லார் வீட்டிலும் முடிச்சு ஒரே பக்கம்தான் என்று அவர்களும் நினைத்திருக்கிறார்கள், நாங்களும் நினைத்திருக்கிறோம். அதனால்தான் யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெட்டியைத் திறக்கவேண்டிய வேலைகூட இல்லை. வெளியே கனெக்டரில் இரண்டாவது சுருளின் கம்பியை மாற்றிச் செருகினான். பாட்டுப் போட்டான். பரண் மேலிருந்த எவர்சில்வர் தட்டுகள் அத்தனையும் கிடுகிடுவென்று ஆடின. எதிர்வீட்டுக்காரர் பூமி அதிர்கிறது என்று வெளியே ஓடிவந்தார். என் மகன் குதித்தெழுந்து "அத்தே!" என்று கத்தினான்.

கண்டுபிடித்தது என் கை. அவன் வாயில் வந்தது அத்தே.

அன்று சாயங்காலம் அவன் பழைய பெட்டிகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தான். என்னடா பண்ணுகிறாய் என்றேன். "அத்தை குடுத்த ஹாரன் லைனு முழுக்க பிளஸ்லதாம்மா முடிச்சு இருக்குது. நம்மளதும் அவங்களதும் ரெண்டு தினுசா இருந்தா நாளைக்கி மறுபடியும் இதே கதைதான். ஒரே மாதிரி ஆக்கிடுறேன். இனிமே முடிச்சு பிளஸ்ஸு." அவன் சொன்னதில் தப்பு இல்லை. ஹாரன் லைன்கள் ஏராளம், என் கம்பிகள் கொஞ்சம். நானே அவன் இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதனால் கோபித்துக்கொள்ளக்கூட எனக்கு வழி இல்லாமல் போயிற்று. அதற்குப் பிறகும் நான்தான் கம்பி முறுக்கினேன், நான்தான் முடிச்சுப் போட்டேன். முடிச்சு என்னுடையது, அர்த்தம் அவர்களுடையது.

பொறாமை என்று சொல்வார்கள். சொல்லட்டும். பசி மாதிரி அதுவும் ஒன்று, இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். வேனில் முன்சீட்டில் சம்பந்தியம்மா உட்கார்ந்து போவார்கள். "எனக்கு முன்னாடி ஒக்காந்தா தல சுத்தும்" என்று நானே சொல்லிப் பின்னால் ஏறிக்கொள்வேன். எனக்குத் தலை சுற்றியதே இல்லை. மீன் குழம்பு வைத்தால் மகன் அவர்கள் தட்டில் நடுத்துண்டை வைப்பான். அவர்கள் அதை எடுத்து என் தட்டில் வைத்துவிடுவார்கள். அப்படி வைப்பதும் எனக்குப் பிடிக்காது. அவர்கள் எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. குறை வைத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், ஆறியிருக்கும்.

போன ஐப்பசியில், மழை நாளில், சம்பந்தியம்மா தவறிப்போனார்கள். இரண்டு நாள் காய்ச்சல்தான். எனக்கு மூத்தவர்களும் இல்லை, ஒரு வயது சின்னவர்கள். வாசலில் பந்தல் போட்டிருந்தது. மருமகள் ஒரே பெண், கூடப் பிறந்தவர்கள் இல்லை. கொள்ளி வைக்கப் பங்காளிப் பையன் ஒருவன் இருந்தான். என் மகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றான். சட்டை எல்லாம் நனைந்திருந்தது.

"யம்மா, நான் வைக்கட்டுமா?"

பக்கத்திலிருந்த கிழவி ஒருத்தி, "பெத்தவ குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கா, மாமியாளுக்கு மொட்ட போடுவியா நீ?" என்று அதட்டினாள். கூட்டம் என் வாயைப் பார்த்தது. மகன் மொட்டை அடித்துக்கொண்டு முன்னால் நடப்பது நான் ஒருத்தி கண்ணை மூடிய பிறகு எனக்காக நடக்க வேண்டியது. நான் பார்க்க முடியாத ஒன்று என்று நினைத்திருந்தேன். அதை என் கண் முன்னால் இன்னொருத்திக்குக் கேட்கிறான். ஆனால் அத்தனை பேர் நடுவில் என் பிள்ளை என்னைக் கேட்டுத்தானே நிற்கிறான்? சம்பந்தியம்மாவின் ஊரில், சம்பந்தியம்மாவின் வாசலில், ஆமாம் இல்லை என்று சொல்கிற இடம் எனக்கு இருந்தது. "வைடா" என்றேன், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. "எம்புள்ள வைப்பான். எவ கேக்குறது?"

அவன் மொட்டைத் தலையில் மழை விழுந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரருக்கு அழுதபோது அவன் சின்னப் பையன், பயந்து அழுதான். இது வேறு அழுகை. எனக்கும் இப்படி அழுவானா என்றுதான் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்காக நான் அழுதேனா என்று கேட்டால், அழுதேன். எதற்காக என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கருமாதி முடிந்து ஒரு மாதம் போயிருக்கும். மகன் புதுக் கம்பிச் சுருள் கொண்டுவந்து என் முன்னால் போட்டான். இப்போது சிவப்பும் கறுப்புமாக எத்தனையோ கம்பி வருகிறது. இருட்டில் நிறம் எங்கே தெரிகிறது என்று அவன் இன்னும் முடிச்சுத்தான் கேட்பான். நான் தனியாக உட்கார்ந்து முறுக்கினேன். இனி எந்தப் பக்கம் முடிச்சு என்று என்னோடு வாதாட ஆள் இல்லை. நினைத்தால் என் பழைய பக்கத்துக்கே மாற்றிவிடலாம். மாற்றினால் பெட்டி ஊமையாகும், என் பிள்ளை சபையில் நிற்க முடியாது. பிளஸ்ஸுக்கே போட்டேன். ஒரு முடிச்சு அவர்கள் பழக்கம். நான் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் போட்டேன்.

மகன் எடுத்துத் தடவிப் பார்த்தான். "ஏம்மா ரெண்டு முடிச்சு?"

"ஒரு முடிச்சு ஒங்கத்தை கம்பி. ரெண்டு முடிச்சு எங்கம்பி. இருட்டுல ஒனக்குத் தெரியணும்ல."

அவன் அந்த முடிச்சுகளை விரலால் உருட்டிப் பார்த்தான். தலையில் அப்போதுதான் முடி கருகருவென்று முளைத்திருந்தது. "ஒங்கம்பி எதுன்னு எனக்கு எப்பவுமே தெரியும்மா. நீ இறுக்குற இறுக்கு யாருக்கும் வராது. அவிழ்க்குறதுக்குள்ள நகம் பேந்துரும்" என்றான். இத்தனை வருடத்தில் அதை ஏன்டா சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவன் சொன்னதே போதும் என்று விட்டுவிட்டேன். ஆனாலும் இப்போதும் இரண்டு முடிச்சுத்தான் போடுகிறேன்.

அவ்வளவுதான், எழுதினது போதும். பாப்பா, இப்ப மொதல்லேருந்து படிச்சுக் காட்டு. மங்கலம்பேட்டை ஆயா வர்ற எடத்துல எல்லாம் ஒங்கொரலு எளகுது, நீ எழுத எழுத வாய்விட்டுச் சொல்லும்போதே கவனிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். என் எடம் வந்தாலும் அதே மாதிரி படிக்கணும், ஆமா.